துண்டு விரிக்காத ஒன்பது நாள்

வெள்ளோடை உப்பளத்தில் ஒன்பது நாள் பொழுது சாயாமல் நின்ற வருடம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எதனால் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரிக்கவில்லை, அதனால் என் தம்பி கையிலிருந்த பந்தைக் கீழே வைக்கவில்லை, அதனால் சூரியனும் இறங்கவில்லை.

துண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. உப்பளத்துக்காரர்களான நாங்கள் உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கமாட்டோம், கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். எங்கள் கையில் எந்நேரமும் உப்பு ஒட்டியிருப்பதால் நாளடைவில் மண்வெட்டி, தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை எதையுமே நாங்கள் கைக்குக் கை கொடுப்பதில்லை. பெற்ற பிள்ளையைக்கூடப் பாயில் கிடத்தித்தான் அடுத்தவள் எடுப்பாள். கிரிக்கெட் எங்கள் ஊருக்கு வந்தபோது அதற்கும் இந்த வழக்கமே வந்தது. பந்தை எறிந்து பிடிப்பது வேறு, அது காற்றின் பாடு. ஆனால் பந்து போடுகிறவனைப் போதும் என்று நிறுத்தவேண்டுமென்றால் கேப்டன் வாயால் சொல்லக்கூடாது, கையை நீட்டக்கூடாது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவன் காலடியில் விரிக்கவேண்டும், அவன் பந்தை அதில் வைக்கவேண்டும். விரித்த துண்டில் பந்தை வைக்காதவன் எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை. விரிக்காமல் தானாகப் போதும் என்று வைத்தவனும் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் ஆடுகிற இடம் உப்பு விளையாமல் கைவிட்ட பழைய பாத்தி. அதன் மேற்கு ஓரம் தெப்பத்துத் தண்ணீரில், பாத்திக்குப் பாய்ச்சத் தேக்கிவைக்கும் குளத்தில், முடிகிறது, அங்கே ஓடிவர இடமில்லை. ஆகவே கடல் பக்கத்திலிருந்து மட்டும்தான் பந்து போடுவோம். ஒருவனே ஓவர் மேல் ஓவராகப் போடலாம், துண்டு விரியும் வரைக்கும்.

என் வீட்டுக்காரர் தவசிமணி பதினாறு வருடமாகக் கேப்டன். நல்ல மனிதர், யாரையும் ஏலே என்று அதட்டிக்கூடப் பேசமாட்டார். ஆனால் துண்டு விஷயத்தில் அவருக்கு ராசி கிடையாது. ஒரு வருடம் சாமுவேலை ஒரு ஓவர் முன்னாலேயே நிறுத்தினார், தோற்றோம். "அவன் நல்லா போட்டுக்கிட்டுத்தான இருந்தான், எந்தக் கிறுக்கன் நிறுத்துவான்?" என்றார்கள். மறுவருடம் அதே சாமுவேலை ஒரு ஓவர் அதிகம் போடவிட்டார், அப்போதும் தோற்றோம். "அவன் மூச்சு வாங்குறது கடக்கரை வரைக்கும் கேக்குது, இவன் காதுல என்ன உப்பா?" என்றார்கள். இரண்டு வருடமும் வீட்டில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஏதோ சொல்லித் தேற்றப்போக, "மாடத்தி, இது என்ன கறி வேகுறதா, மூடியத் தொறந்து குத்திப் பாக்க? ஆள் வெந்தது வெளிய தெரியாது" என்றார்.

பந்து போடுகிறவன் என் தம்பி சுயம்பு. எங்கள் அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பாத்திக்கு வந்தேன், என் படிப்பு அத்தோடு சரி. அவன் வளர்ந்து முப்பத்தொரு வயது ஆளாகி, உப்பு வாரி வாரி வலது தோள் ஒரு பனங்காய் மாதிரி திரண்டு, ஓடிவந்து பந்தை விட்டால் அது வருவது தெரியாது, ஸ்டம்பு போவதுதான் தெரியும். அந்தத் தோளுக்கு வேப்பெண்ணெய் போட்டுத் தேய்த்தவள் நான். அது எங்கே தேயும், எங்கே நோகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவன் பந்து போடும் நாளெல்லாம் நான் மைதானத்துக்குப் போகமாட்டேன். எங்கள் பெண்கள் யாரும் மைதானத்துக்குள் கால் வைப்பதில்லை. ஓரத்தில் நிற்கலாம், அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்களுக்கு நல்ல வருடமில்லை. முப்பது குடும்பம் சேர்ந்து எடுத்த அளம். சித்திரையில் பெய்யக்கூடாத மழை பெய்து முதல் உப்பைக் கரைத்தது, ஆடியில் ஒரு மழை வந்து இரண்டாவதையும் கொண்டுபோயிற்று. புரட்டாசி கடைசியில் பாத்தியெல்லாம் மூன்றாவது உப்பு இப்போதுதான் பூத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்தால் அடைமழை. கடலுக்கு மேலே மேகம் ஏற்கெனவே கறுத்துத் திரண்டு நின்றது. இன்னும் பத்து வெயில் கிடைத்தால் வாரிக் குவித்து ஓலை மூடிவிடலாம், கிடைக்காவிட்டால் தை வரைக்கும் அடுப்பில் என்ன வைப்பது என்று முப்பது வீட்டிலும் அதே பேச்சு. என் வீட்டில் நான்கு பாத்தி. அதில் வடக்குப் பாத்தி எப்போதும் சோம்பேறி, மற்றது பூத்துப் பத்து நாள் கழித்துத்தான் பூக்கும். எனக்கு அந்த வடக்குப் பாத்தியே கவலை.

இப்படியிருக்கும்போதுதான் கரிசல்பட்டிக்காரர்களோடு வருடாந்திரக் கோப்பை ஆட்டம் வந்தது. எங்கள் ஆட்டத்துக்கு ஓவர் கணக்குக் கிடையாது, பொழுதுதான் கணக்கு. சூரியன் தெப்பத்துத் தண்ணீரைத் தொடுவதற்குள் எதிராளி பத்துப் பேரையும் அவுட் ஆக்கவேண்டும், ஆக்காவிட்டால் கோப்பை போன வருடம் வைத்திருந்தவர்களுக்கே. போன வருடம் வைத்திருந்தது கரிசல்பட்டி. நாங்கள் நூற்றைம்பதுக்கு மேல் அடித்திருந்தோம். அவர்கள் ஒன்பது பேர் அவுட். கடைசி ஜோடி நின்றது, அதில் ஒருவன் குருசு. குள்ளமான ஆள், ரன் எடுக்கத் தெரியாது, ஆனால் மட்டையை முளைக்குச்சி மாதிரி அடித்து நிறுத்தினால் யாராலும் பிடுங்க முடியாது. சுயம்பு இருபத்திரண்டு ஓவர் போட்டிருந்தான். சூரியன் ஒரு பனை உயரத்தில் இருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் துண்டில் கை வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். கையை வைத்தவர் எடுக்கவில்லை. சுயம்புவைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், "மாப்ள, இன்னும் ஒரே ஓவர்" என்றார்.

"ஒண்ணுதான அத்தான்?" என்று சுயம்பு சிரித்தானாம்.

அந்த ஓவர் முடிந்தது, சூரியன் அங்கேயே இருந்தது. அடுத்தது முடிந்தது, சூரியன் அங்கேயே. ஐந்தாவதில்தான் அம்பயர் தங்கப்பழம் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அவர் அளத்தில் ஒரு பங்கும் வைத்திருக்கும் சைக்கிள் கடைக்காரர், எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். மணி ஆறே முக்கால் என்றது. நிழல் நீண்டது நீண்டபடி கிடந்தது. மேகமும் கடலுக்கு மேலே அதே இடத்தில், கட்டிப்போட்ட எருமை மாதிரி.

நடுவில் சுயம்பு ஷூ கயிறு கட்டப் பந்தைக் கீழே வைத்தான். வைத்த மாத்திரத்தில் சூரியன் ஒரு விரற்கடை சரிந்தது. "ஏலே, எடு! எடு!" என்று பக்கத்துப் பாத்திக்காரி சந்தனமாரி கத்தினாள். எடுத்தான். நின்றது. அவ்வளவுதான், எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பந்து ஆட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் உருளலாம், ஆனால் சுயம்பு தன் கையால் அதைத் தரையில் வைக்கக்கூடாது. ஆட்டமும் முடியக்கூடாது.

இதற்காக யாரும் வாயைப் பிளந்து நிற்கவில்லை. சந்தனமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மதினி, வெயில் நிக்கும்போதே வாருங்க, பேச்சு என்ன பேச்சு?" என்றாள். முப்பது வீடும் வாருபலகையைத் தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கியது.

அந்த ஒன்பது நாளும் ஊர் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கே கதை மாதிரி இருக்கிறது, அப்போது அப்படி இல்லை. முதல் நாள் கோழி கூட்டுக்குப் போகவில்லை, இரண்டாம் நாள் கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மேலே சாக்கைப் போட்டோம், அவை அதையே இரவு என்று எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் தூங்காமல் ஆடிக் களைத்து நின்றபடி விழுந்தன, அவற்றுக்கும் கறுப்புச் சீலையை வாசலில் தொங்கவிட்டோம். கோயிலில் சாயங்கால விளக்கை எப்போது ஏற்றுவது என்று பூசாரி மாதாகோயில் உபதேசியாரிடம் கேட்டார், உபதேசியார் மணியை எப்போது அடிப்பது என்று பூசாரியிடம் கேட்டார், கடைசியில் இரண்டு பேரும் தங்கப்பழத்தின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொண்டார்கள். பூக்காரி பொன்னம்மாள் கூடையில் முல்லை மொட்டு மொட்டாகவே இருந்தது, அந்தி வந்தால்தானே விரியும். மூன்றாம் நாள் பறித்ததை எட்டாம் நாள் வாடாமல் விற்றாள். ஊருக்குக் கிழக்கே ஓடைப் பாலம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போனவர்கள் அங்கே வழக்கம்போல இருட்டுகிறது, விடிகிறது என்று வந்து சொன்னார்கள். புதிதாய்க் கல்யாணமான இரண்டு ஜோடி தினமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்வந்தது, அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களுக்கு நேரமில்லை. ஏனென்றால் உப்பு பூத்தது, பூத்தது, வாரினால் மறுபடி பூத்தது. ராமுழுக்க விழுகிற பனிகூட இல்லாத வெயில், மேல்காற்று, உப்பு கண்ணாடிச் சில்லு மாதிரி கனத்துக் கிடந்தது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்தோம். கைத் தோல் உரிந்தது, கண் எரிந்தது, யாரும் நிறுத்தவில்லை.

ஆட்டத்தில் ஒரு டீ இடைவேளை உண்டு. அது எத்தனை நேரம் என்று எங்கும் எழுதவில்லை என்று தங்கப்பழம் தீர்ப்புச் சொன்னார். ஆகவே தூக்கம் வந்தபோது "டீ" என்பார். எல்லாரும் மைதானத்திலேயே படுப்பார்கள். சுயம்பு பந்தைப் பிடித்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குவான், அது தரையில் விழாமல் இருக்க என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறு மணி நேரம் கழித்து "ப்ளே" என்பார் தங்கப்பழம். அவன் எழுந்து போடுவான்.

மூன்றாம் நாள் கஞ்சித் தூக்கோடு மைதான ஓரத்துக்குப் போனேன். அவன் பந்து பிடிக்கும் விரல் வெடித்திருந்தது. ஓடிவரும் தூரம் பாதியாகக் குறைந்திருந்தது. தோள் சுழலும்போது காய்ந்த பனையோலையை மடக்கும் சத்தம் ஓரம் வரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் துண்டில் ஒரு கை வைத்தபடியே நின்றார்.

"ஏங்க, போதுங்க. தோள் சத்தம் கேக்குதுங்க."

"தெரியுது மாடத்தி. இன்னும் ஒரே ஓவர். தெக்குப் பாத்தி எல்லாம் வாரியாச்சுன்னா விரிச்சிருவேன்."

நான் மேலே பேச வாயெடுத்தேன். அப்போது என் கண் என்னையறியாமல் வடக்கே போயிற்று. வடக்குப் பாத்தியில் உப்பு இன்னும் ஆடை கட்டவேயில்லை, தண்ணீர் தண்ணீராகவே மின்னிக்கொண்டிருந்தது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் வேறொரு சங்கடம் வந்தது. கரிசல்பட்டிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களுடையது மானாவாரி நிலம், பருத்தி ஊன்றிவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவர்கள். எங்களுக்கு எந்த மேகம் வரக்கூடாதோ அது அவர்களுக்கு வந்தாகவேண்டும். குருசின் தகப்பனார் மைதானத்துக்கு வெளியே நின்று, "ஏலே குருசு, கோப்பையும் மயிரும்! அவுட்டாகிட்டு வால. வெத மண்ணுக்குள்ள வெந்துபோச்சு" என்று அழுதார்.

ஐந்து நாளாக ஒரு பந்துக்கும் அசையாமல் நின்ற குருசு அதைக் கேட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். மூன்று ஸ்டம்பும் வெறுமே நின்றன. ஒரு சின்னப் பிள்ளை போட்டால்கூட விழும். சுயம்பு பந்தோடு நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்தான். பாத்தியில் நின்றவர்கள் எல்லாரும் வாருபலகையைப் பிடித்தபடி என் வீட்டுக்காரரையே பார்த்தார்கள்.

"மாப்ள," என்றார் அவர். சொல்லும்போது அவர் குரல் அவருடையதாக இல்லை என்று பிறகு தங்கப்பழம் சொன்னார். "ஸ்டம்புல போடாத. தள்ளிப் போடு."

இருபது வருடமாக ஸ்டம்பைத் தவிர வேறெதையும் பார்க்காதவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன ஆவான்? சுயம்பு ஓடிவந்து மட்டைக்கும் எட்டாமல், ஸ்டம்பிலும் படாமல் தள்ளிப் போட்டான். தங்கப்பழம் இரண்டு கையையும் விரித்து "வைடு" என்றார். எங்கள் மைதானத்தில் வைடுக்கு ரன் கிடையாது. அந்தப் பந்தை மறுபடி போடவேண்டும், அது மட்டும்தான். மறுபடி போட்டான், மறுபடி வைடு. குருசு ஆத்திரத்தில் தன் மட்டையாலேயே ஸ்டம்பைத் தட்டிவிட்டான். "வைடு பந்துக்கு அவுட் கிடையாது" என்று தங்கப்பழம் ஸ்டம்பை எடுத்து நட்டார்.

"நீ அம்பயரா, உப்பு யாவாரியாவே?" என்றான் குருசு.

"ரெண்டுந்தான்," என்றார் தங்கப்பழம், முகத்தைப் பார்க்காமல். "நீ வேணா ஆட்டத்த விட்டுப் போயேன்."

"நட்டு வச்ச மட்டைய விட்டுட்டு எங்க வீட்டு ஆள் எவனும் போனதில்ல" என்று குருசு தரையைக் குத்தினான். ஆக அவனும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லாதவர். இன்னும் ஒரே ஓவர் என்றுதான் அப்போதும் சொன்னார். அந்த ஒரு ஓவர்தான் நாலு நாள் நடந்தது. ஆறாவது பந்து வைடு, மறுபடி ஆறாவது, மறுபடி வைடு. முடியாத ஓவரின் நடுவில் துண்டு விரிப்பது முறையில்லை என்று அவர் தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். யாரும் எதிர்க்கவில்லை, எல்லார் பாத்தியிலும் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது.

ஆறாம் நாள் போனேன். அவன் வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட ஆரம்பிப்பதைப் பார்த்தேன். கஞ்சியை இடது கையால் குடித்தான். "வலிக்குதாலே?" என்றேன். "இல்லக்கா, இப்ப வலி இல்ல" என்றான். வலி இல்லை என்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வடக்குப் பாத்தி அன்றைக்குத்தான் மெல்ல ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. திரும்பிவிட்டேன். எட்டாம் நாள் போனேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தான். தோள் ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. வடக்குப் பாத்தி பூத்திருந்தது, ஆனால் நொய், வாரினால் சேறோடு வரும், இன்னும் ஒரு நாள் வெயில் காய்ந்தால் கல்லுப்பு. ஒரே ஒரு நாள். தூக்கைக் கீழே வைத்தேன். திரும்பினேன். 

ஒன்பதாம் நாள் சந்தனமாரியும் நானும் அம்பாரத்துக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தோம். முப்பது குடும்பத்துக்கும் இரண்டு வருடத்துக்குக் காணுகிற உப்பு குவிந்திருந்தது. சந்தனமாரி இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ பூத்தா போதும் மதினி, அதுக்கப்புறம் சுயம்பு நல்லா தூங்கட்டும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, அவன்மீது பிரியமாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டபோது என் கையிலிருந்த ஓலை நழுவிற்று. நேற்று என் மனசுக்குள் நான் சொன்னதைத்தான் அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஓவர். இதற்கு எங்கே முடிவு இருக்கிறது? நாளைக்கும் யாருக்கோ ஒரு பாத்தி இருக்கும்.

நான் நடந்தேன். பாத்தி வரப்பைத் தாண்டினேன், மைதான ஓரத்தைத் தாண்டினேன், நிற்கவில்லை. "ஏளா மாடத்தி, எங்க போற?" என்று யாரோ கூப்பிட்டார்கள். பெண் கால் படாத பழைய பாத்தியில் என் வெடித்த குதிகால் பட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் எதிரே போய் நின்றேன். ஒன்பது நாளில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது. அவர் துண்டைப் பற்றியிருந்த கை அப்படியே பிடித்துப்போய் இருந்தது.

"விரிங்க," என்றேன்.

"ஓவர் முடியல மாடத்தி."

"முடியாது. நீங்க தள்ளிப் போடச் சொன்னா எப்படி முடியும்?"

"நம்ம வடக்குப் பாத்தி இன்னும் வாரல" என்றார் மெதுவாக. எனக்காகத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான் மூன்று தடவை வந்து எதைப் பார்த்துத் திரும்பினேன் என்று.

ஊர் மொத்தமும் பார்த்திருக்க, நான் என் புருஷன் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தேன். எங்கள் பக்கம் அப்படிச் செய்தால் அந்த மனிதர் அப்புறம் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்கமுடியாது. இழுத்தேன், அவர் விரல் ஒவ்வொன்றாக விட்டது. கொண்டுபோய்ச் சுயம்பு காலடியில் விரித்தேன்.

அவன் பந்தை வைக்கவில்லை. தங்கப்பழத்தைப் பார்த்தான்.

"கேப்டன் விரிச்சாத்தான் கணக்கு" என்றார் தங்கப்பழம்.  குருசு மட்டையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டான். பாத்தியில் ஒரு வாருபலகை கூட அசையவில்லை, காற்று மட்டும் அடித்தது.

காற்றில் துண்டின் ஒரு முனை மடங்கியது. என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார், மடங்கிய முனையைப் பிரித்து, உள்ளங்கையால் இரண்டு தடவை நீவி, அது பறக்காமல் இருக்கத் தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, போதும்யா. வச்சிரு" என்றார். வாயால் சொல்லக்கூடாது என்பதை அவர் மறந்துவிட்டார்.

சுயம்பு குனிந்தான். கை திறக்கவில்லை. பந்தைப் பிடித்தபடியே விரல்கள் இறுகிப்போயிருந்தன. நான் அவன் கையை என் மடியில் வைத்து, சின்ன வயதில் அவன் கைக்குள் மண்ணைப் பிடித்துக்கொண்டு தூங்கினால் பிரிப்பேனே அப்படி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பந்து துண்டில் விழுந்தது. உருளவில்லை.

சூரியன் கல்லைப் போட்ட மாதிரி தெப்பத்துக்குள் போயிற்று. ஒன்பது நாள் கட்டிக்கிடந்த மேகம் அவிழ்ந்து வந்தது. அந்த இரவு எத்தனை நீளம் என்று அளந்தவர் இல்லை, எல்லாரும் தூங்கினோம், கோழிகள் சாக்கு இல்லாமல் தூங்கின, பொன்னம்மாளின் கூடையில் எல்லா முல்லையும் ஒரே நேரத்தில் விரிந்து ஊர் முழுக்க மணத்தது என்றார்கள். ஓலை மூடிய அம்பாரங்கள் தப்பின. வாராமல் கிடந்த பாத்திகள் கரைந்தன, அவற்றில் எங்கள் வடக்குப் பாத்தியும் ஒன்று. கோப்பையைக் கரிசல்பட்டிக்காரர்கள் கொண்டுபோனார்கள், போகும்போது மழையில் நனைந்தபடி குருசு வந்து சுயம்புவின் இடது கையைத் தொட்டுவிட்டுப் போனான்.

வலது கை திரும்பவில்லை. பாளையங்கோட்டை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். எலும்பு சரியாகத்தான் இருக்கிறது, அது தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். இடுப்புக்கு மேலே அது எழுவதில்லை.

ஊரில் இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு நடக்கும். ஒரு நாள் கூடப் போட்டிருந்தா எல்லாப் பாத்தியும் வாரியிருக்கலாம், பொம்பள புகுந்து கெடுத்தா என்பார்கள் சிலர். மூணாம் நாளே விரிச்சிருந்தா பய கை மிஞ்சியிருக்கும் என்பார்கள் சிலர். முதல் நாள், அந்த இருபத்திரண்டாவது ஓவரிலேயே விரித்திருக்கவேண்டும் என்று சொல்கிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சொல்கிறவர்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போவதில்லை. கேப்டன் வேலையை விட்டுவிட்டார். தோளில் துண்டு போடுவதையும் விட்டுவிட்டார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. சுயம்புவுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன், இடது கையால் அவனுக்கு மேல்பித்தான் வராது. ஆறு வருடமாகக் கேட்காமல் இருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏலே, குருசு ஸ்டம்ப விட்டுட்டு நின்னான்ல. உங்க அத்தான் என்ன சொன்னாத்தான் என்ன, நேரா ஒண்ணு போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. ஏம்ல போடல?"

அவன் கண்ணாடியில் பார்த்தபடி காலரைச் சரிசெய்தான்.

"போடணும்னுதாங்கா நெனச்சேன். ஒவ்வொரு தடவயும் நீ ஓரத்துல வந்து நின்னே. அக்கா சொன்னா போட்டிருவோம்னு இருந்தேன். நீ வடக்குப் பாத்தியத் திரும்பிப் பாத்துட்டுப் போனே. சரி, அக்காவுக்கு இன்னும் ஒரு பாத்தி பாக்கி இருக்குன்னு நெனச்சேன். அதான் தள்ளிப் போட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை எப்போது வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். "பித்தான போடுக்கா, நேரமாச்சு" என்றான்.

போட்டுவிட்டேன். ஒரு பித்தான் மாறி விழுந்தது, அவிழ்த்து மறுபடி போட்டேன்.

இப்போதும் பாத்தியில்தான் வேலை. சூரியன் ஒரு பனை உயரத்துக்கு வரும் நேரம் எனக்குக் கடிகாரம் இல்லாமலே தெரியும். அப்போது கையில் என்ன இருந்தாலும், வாருபலகையோ கஞ்சித் தூக்கோ பாதி நிரம்பிய கூடையோ, அதைத் தரையில் வைத்துவிடுகிறேன். பக்கத்துப் பாத்தியிலிருந்து, "இன்னும் வெயில் இருக்கே மதினி, அதுக்குள்ளயா?" என்பாள் சந்தனமாரி. நான் வைத்துவிட்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் சூரியன் தெப்பத்தைத் தொடும், தொட்டு, இறங்கும்.